ஏழாவது வாரத்து நாற்காலி

டீ ஆறிவிட்டது, பரவாயில்லை ஐயா. ஆறிய டீ குடித்தே பழகியவள் நான். ஒருவர் மனம் விட்டுப் பேசும்போது நடுவில் டம்ளரைத் தூக்க எனக்குக் கை வராது.

மருந்துப் பெட்டி அடைக்கும் அந்தத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக எனக்கு ஒரே வேலைதான். மாதக்கணக்கில் நோயில் படுத்தவர்களைக் கைப்பிடித்துத் திரும்ப வேலைக்குக் கூட்டி வருவது. கேட்க லேசாகத்தான் இருக்கும். ஏழு மாதம் வீட்டுக் கூரையையே பார்த்துக் கிடந்தவருக்கு அந்த வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

ஆளுக்கொரு மஞ்சள் அட்டை போடுவேன். மொத்தம் எட்டு வாரம். முதல் வாரம் தினம் இரண்டு மணி நேர வேலை, பிறகு மூன்று, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போய் எட்டாவது வாரம் முழு நாள். கடைசி நாளில் அவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அட்டை அலமாரிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஆறு கடக்கும் வரைக்கும்தான் அண்ணன் தம்பி. கடந்துவிட்டால் நீ யாரோ நான் யாரோ. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி மடிக்கிற வேகத்துக்கு வைத்த பெயர். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து, நான் வீட்டுக்குப் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரிடமும் பேசுவதில்லை, நீங்களாவது பாருங்கள் என்று அவள் கணவர் கைகூப்பினார். நானும் பேசவில்லை. தினமும் போய்ச் சிக்கெடுத்துத் தலை சீவிவிட்டேன். நாலாவது நாள் அவளே வாய் திறந்தாள்.

"அக்கா, என்னால மறுபடி உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா?"

முடியும் என்றேன். முடிந்தது.

திங்கட்கிழமைதோறும் அவள் நாற்காலியை நானே ஸ்பேனர் வைத்துச் சரிசெய்வேன். உயரம், முதுகுப் பலகை, எல்லாம். அரை மணிக்கு ஒருமுறை கையை மேலே தூக்கி, பின்னால் நன்றாகச் சாய்ந்துகொள், முதுகுக்கு இதம் என்று சொல்லிக் கொடுத்தேன். அட்சரம் பிசகாமல் செய்வாள். மின்னல் தூறலாகிவிட்டதே என்று மேற்பார்வையாளர் கிண்டல் செய்தால், கண்கலங்கி என்னைத்தான் பார்ப்பாள். ஆறாவது வாரம் அவர் அதையே சொன்னபோது, இருங்க சார், இடியும் பின்னாலேயே வருது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் சொன்னாள்: "அடுத்த வாரத்திலிருந்து நானே வந்துடறேன் அக்கா. பாவம், உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

பாவம் என்றாள். அந்த ஒரு சொல்தான் எனக்கு வலித்தது.

அவள் அவசரப்படுகிறாள் என்று புரிந்தது. ஏழாவது வாரத்தில் எல்லோருக்கும் இந்தத் தலைக்கனம் வரும். குணமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது அவர்களுக்கே நல்லதில்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போனேன். முதுகுப் பலகையை இரண்டு போல்ட்டுகள் தாங்குகின்றன. ஒன்றைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மற்றதைக் கடைசிப் புரி வரை தளர்த்தினேன். பத்து மணிக்கு வேலை தொடங்கியது. பத்தரை மணிக்கு அவள் பெட்டியைக் கீழே வைத்தாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே கையைத் தூக்கினாள், நன்றாகச் சாய்ந்தாள். பின்னால் இரும்புப் படி இருந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை.

முதலில் ஓடிப்போய்த் தாங்கியது நான்தான். அதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

அவள் சாகட்டும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். சத்தியமாக இல்லை ஐயா. செத்தவளை எப்படி வேலைக்குத் திரும்பக் கூட்டி வருவது?

அவளுக்கு முன்னால் இதே ஏழாவது வாரத்தில் விழுந்த மூன்று பேரைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன். கிடங்குப் படிக்கட்டின் கைப்பிடியை எத்தனை சுற்றுத் தளர்த்தினேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

நேற்று நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். தலை சீவிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க அக்கா" என்றாள். எத்தனை வாரம் கழித்து அப்படி ஒரு பார்வை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் பையில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் பெயர் எழுதி, முதல் வாரம், இரண்டு மணி நேரம் என்று போட்டு வைத்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொல்கிறாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என்னை அவளிடம் அனுப்பிப் பாருங்கள். எட்டு வாரம்கூட வேண்டாம் ஐயா, ஏழு போதும்.