நூற்று நாற்பத்தாறாவது கையெழுத்து

அவையை ஆளும் அதே பொறுமையோடு இந்த விழாவுக்கும் தலைமை தாங்கும் மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! நான்காம் பேரவையின் வரலாற்றை நாள் தவறாமல் தேடி நூலாக்கித் தந்திருக்கும் நூலகர் அவர்களே! அந்த நூலுக்குள்ளும் இருந்து, இந்த அரங்குக்குள்ளும் அமர்ந்திருக்கும் முன்னாள் உறுப்பினர்களே! அவர்களை அவைக்கு அனுப்பிவிட்டு, அடுப்பையும் அலுவலகத்தையும் ஒருசேரச் சுமந்த தாய்மார்களே! கதவோரம் கால்கடுக்க நிற்கும் அவைக் காவலர்களே! இந்தச் சுருக்கெழுத்துக்காரனின் சுருக்கமில்லாத வணக்கம்!

முப்பத்தோரு ஆண்டுகள் பேரவையில் அடுத்தவர் பேச, நான் எழுதினேன். இன்று நான் பேசுகிறேன். எழுத யாரும் இல்லாததால் துணிச்சலாகப் பேசுகிறேன். என்ன ஐயா, மூன்றாவது வரிசையில்? "சீக்கிரம் முடிங்க"வா? உங்களுடைய உரையொன்றை இரண்டு மணி நேரம் இதே கையால் எழுதியிருக்கிறேன். இருபது நிமிடம் எனக்குக் கடன் கொடுங்கள்!

நூல் நல்ல நூல். நான்கு ஆண்டு, ஏழு மாதம், இருநூற்றுப் பதினொரு அமர்வு நாட்கள். இருக்கைகள் நூற்று நாற்பத்திரண்டு. இடையில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பதவி விலகினார். ஒருவருடைய வெற்றியை நீதிமன்றம் செல்லாது என்றது. ஆக நான்கு இடைத்தேர்தல்கள். நூற்று நாற்பத்திரண்டோடு நான்கைக் கூட்டினால் எவ்வளவு? நூற்று நாற்பத்தாறு! நூலின் ஒன்பதாம் பக்கம் என்ன சொல்கிறது? நூற்று நாற்பத்தைந்து!

நூலகர் அவர்கள் முகம் வாட வேண்டாம். தவறு உங்களுடையதல்ல. உறுப்பினர் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்துகளை எண்ணினீர்கள். சரியாகத்தான் எண்ணினீர்கள். காணாமல் போன அந்த ஒரு கையெழுத்துக்குக் காரணம் இந்தக் கை. ஆம் ஐயா, இந்தக் கைதான்!

கடைசி இடைத்தேர்தலில் வென்றவர் ஒரு பேருந்து நடத்துநர். தொகுதி முழுக்க அவருக்கு 'விசில் அக்கா' என்று பெயர். பஞ்சாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே ரயில் தண்டவாளம். வேலைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்காவின் நாத்தனார் அங்கே ஒரு காலை இழந்தார். அந்த ஆத்திரத்தில்தான் அக்கா தேர்தலில் நின்றார். கட்சியா இருந்தது? கொடியா இருந்தது? குரல் இருந்தது, கோபம் இருந்தது!

அவர் அவைக்கு வந்த நாள், நான்காம் பேரவையின் கடைசி நாள். கடைசி என்று காலையில் யாருக்கும் தெரியாது. உறுதிமொழி எடுக்க எழுந்தார். ஒலிபெருக்கியை யாரோ நகர்த்த, "அது எதுக்குங்க?" என்றார். அப்புறம் அவர் படித்த உறுதிமொழி வாசலில் நின்ற ஓட்டுநர்களுக்கும் கேட்டது.

அவர் பாதி படிக்கும்போது என் பேனாவில் மை தீர்ந்தது. அவையின் சொல் ஒன்றும் தவறக் கூடாதே! கைக்கெட்டும் தூரத்தில் செயலாளர் மேசை, மேசையில் பதிவேடு, பதிவேட்டின் பக்கத்தில் ஒரு கறுப்புப் பேனா. எடுத்தேன். எழுதினேன். எங்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருவர் மாற்று. என் பத்து நிமிடம் முடிந்தது. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தட்டச்சு அறைக்குப் போய்விட்டேன்.

அது என்ன பேனா? பதிவேட்டில் கையெழுத்திட மட்டுமே வைத்திருந்த பேனா! அழியாத மை, அவைக்கென்றே ஒன்று. வேறு பேனா அந்தப் பக்கத்தில் படக் கூடாது என்பது அன்றைய செயலாளரின் கண்டிப்பு. அக்கா கையெழுத்திட வந்தார். பேனா இல்லை. மேசைக்கு மேலே தேடினார்கள், கீழே தேடினார்கள். "சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கலாம்மா, போய் உட்காருங்க" என்றார் செயலாளர்.

அக்கா உட்காரவில்லை, நின்றார். தண்டவாளத்தின் மேல் ஒரு நடைமேம்பாலம் வேண்டும் என்று கேட்டார். "ஓராண்டுக்குள் கட்டித் தரப்படும்" என்று அமைச்சர் அவையில் வாக்குக் கொடுத்தார். அதுவும் அவைக்குறிப்பில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அப்புறம்? அவையே இல்லை! ஆளுங்கட்சியிலிருந்து ஆறு பேர் விலகினார்கள், ஆட்சி கவிழ்ந்தது, பேரவை கலைந்தது. பதிவேட்டைப் பூட்டினார்கள். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே அந்தப் பேனா.

'ஒரு பேனாதானே' என்று நினைத்தேன். அவை கலைந்தாலும் அவையில் கொடுத்த வாக்கு அடுத்த அவையின் வாக்குறுதிக் குழுவுக்குப் போவது நம் வழக்கம். போனது. குழு பதிவேட்டைப் பார்த்தது. கோப்பின் மேல் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பியது: 'இப்படியோர் உறுப்பினர் இல்லை.' அந்தக் கோப்பை நான் பார்த்தேன். என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அம்மா, ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகளாக வெட்கத்தோடு வாழ்கிறேன். அந்தப் பாலம் இன்றுவரை இல்லை. ஜனங்கள் இன்றும் தண்டவாளத்தைத்தான் தாண்டுகிறார்கள்.

ஊரில் அவரை என்ன சொன்னார்கள் தெரியுமா? 'அரைநாள் உறுப்பினர்!' அப்புறம் அதுவும் போய், 'உறுப்பினரே இல்லையாமே!' ஓட்டுப் போட்டவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவை கலைந்த மறு வாரமே நடத்துநர் பையை மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டார் அந்த அம்மா.

அவர் இன்று வந்திருக்கிறார். நான்காவது வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே. பக்கத்தில் அவருடைய கணவர், தையல்காரர். எழுந்திருங்கள் அக்கா! கை தட்டுகிறீர்களே, தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

என்ன சொல்கிறார்? ஒலிபெருக்கி வேண்டாம், அவருக்கு எப்போது வேண்டியிருந்தது!

"எனக்குப் பட்டியல்ல பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம் அண்ணே. பாலத்தைக் கேளுங்க!"

கேட்டீர்களா? அக்கா, கையெழுத்து உங்களுக்காக இல்லை. கையெழுத்து இருந்தால் உறுப்பினர் உண்டு. உறுப்பினர் உண்டென்றால் கேள்வி உண்டு. கேள்வி உண்டென்றால் அமைச்சர் கொடுத்த வாக்கு உண்டு. வாக்கு உண்டென்றால் பாலம் வந்தே ஆக வேண்டும்!

தலைவர் அவர்களே! விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். உறுதிமொழி ஏற்றவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்கிறது. எத்தனை மணிக்குள் என்று சொல்லவில்லை. எந்தப் பேனா என்றும் சொல்லவில்லை. அது வெறும் வழக்கம். கண்காட்சிக்காக இதோ மேடையோரம் வைத்திருக்கிறீர்களே, அதுதான் அந்தப் பதிவேடு. கடைசிப் பக்கத்தில், நூற்று நாற்பத்தைந்தாவது கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு காலியாக இருக்கிறது.

தலைவர் செயலாளரிடம் பேசுகிறார். கொஞ்சம் அமைதி. பேசிவிட்டார்.

"கையெழுத்துப் போடட்டும். அது செல்லுமா செல்லாதான்னு திங்கட்கிழமை அவையில சொல்றேன்."

நியாயம். அதற்கு மேல் இன்று கேட்க எனக்கு உரிமை இல்லை. திங்கட்கிழமை பார்வையாளர் மாடத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பேன். பேனாவை எடுத்த கதையை எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளர் வாங்கிக்கொள்ளட்டும். வாருங்கள் அக்கா. வழிவிடுங்கள், நாற்காலியை நகர்த்துங்கள். இதோ அந்தக் கறுப்புப் பேனா. காலையில்தான் மை நிரப்பினேன்.

வேண்டாம் என்கிறாரே! ஏன் அக்கா?

"என்கிட்ட இருக்கு. இருபது வருசமா காதுல பேனா வெச்சுக்கிட்டே சீட்டுக் கிழிச்சவ நான். அன்னிக்கு ஒருநாள் இந்த மனுசன்தான், 'சட்டசபைக்குப் போற, காதுல பேனாவோடயா போவே, எடு'ன்னு பிடுங்கி வெச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் பேனா இல்லாம நான் படி இறங்கினதே இல்ல."

தையல்காரர் தலையைக் குனிந்துகொள்கிறார். ஐயா, நிமிருங்கள். குனிய வேண்டியவன் நான்.

காதிலிருந்து எடுக்கிறார். சாதாரண நீலப் பேனா. எழுதுகிறார். நிதானமாக, முழுப் பெயரையும் எழுதுகிறார்.

என் குறிப்பில் இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது. மடித்துவிட்டேன். அவைக்குறிப்பில் புதிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நாங்கள் எழுதும் வாசகம் ஒன்று உண்டு: 'உறுதிமொழி ஏற்று, பதிவேட்டில் கையெழுத்திட்டார்.' அன்று 'உறுதிமொழி ஏற்று' என்பதோடு என் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. மிச்சத்தை இன்று எழுதிக்கொள்கிறேன்.

கையெழுத்திட்டார்.

பொறுத்துக்கொண்ட அவைக்கும், பொறுத்துக்கொண்ட அக்காவுக்கும் என் நன்றி. வணக்கம்!