கழற்றிய பெல்ட்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். வடக்கனந்தல் பஸ் நின்றுவிட்டது. முருகனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் மகளின் வளைகாப்புக்குப் போகும் புருஷன் பெண்சாதி.

“அந்த இடுப்பு பெல்ட்டக் கழட்டுய்யா. மப்டி போலீசுன்னு நெனச்சுக்கப் போறானுங்க.”

“டாக்டரு குடுத்ததுடி.”

“அது அவனுங்களுக்குத் தெரியுமா?”

கழற்றிப் பையில் வைத்தார். மறியல்காரர்களில் ஓர் இளைஞர் ஏறினார்.

“நோயாளிங்க மட்டும் எறங்கி அந்தாண்ட நடந்து போலாம்.”

“எனக்கு இடுப்பு வலிங்க.”

“பஸ்ஸே அதத்தான் சொல்லிக்கினு இருக்குது, பெரியவரே.”

அந்தம்மாள் அவசரமாகப் பெல்ட்டை எடுத்து நீட்டினாள். “இன்னா தம்பி, இது பொய்யா?”

விட்டுவிட்டார்கள். இறங்கப்போனவளிடம் என் பக்கத்துச் சீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்:

“யக்கா, பெல்ட்ட இங்கயே வுட்டுட்டுப் போ. எனக்கும் வலிக்குது.”