மூச்சு மடக்கிய முழங்கை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா பொன்னுதுரை அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஆர்வம் பொங்க வந்தமர்ந்திருக்கும் நம் காஜா பெராங் ஊர்த் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே!

தேசம் விடுதலை பெற்று ஏழாண்டுகள். இன்று நான், விடுதலை பெற்ற ஒரு கையைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜெயபாலன் ஐயாவின் துணிக்கடையிலே துணி அளந்த கணேசமூர்த்தியை அறியாதார் உண்டோ? குருபோங் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். எலும்பு தப்பியது, கழுத்திலிருந்து வலக்கைக்கு இறங்கும் நரம்பு அறுந்தது. விரல்கள் அசைந்தன, முழங்கை மடங்கவில்லை. சோற்றைப் பிசையும் கை, வாய்க்கு வாராத கை!

இடக்கையால் புடவையை நீட்டினார். கல்யாணப் புடவையை இடக்கையிலிருந்து வாங்குவார் யார்? முதலாளி மனம் நொந்து சொன்னார்: "மூர்த்தி, தப்பா நினைக்காத. வர்றவங்க முகஞ்சுளிக்கிறாங்க. வலக்கை வந்ததும் வா."

சிங்கப்பூர் மருத்துவர் ஒருவர் செய்ததைக் கேளுங்கள்! விலாவை விரித்து மூச்சிழுக்க உதவும் நரம்புகளிலே சிலவற்றைப் பிரித்தெடுத்து, புயத்துத் தசைக்குச் செல்லும் நரம்போடு இணைத்தார். மனைவி சீதா பதறினாள்: "டாக்டர், அப்ப இவரு மூச்சு?" "மத்த விலா எல்லாம் இருக்கேம்மா!"

நாளொன்றுக்கு எள்ளளவும் எட்டாமல், இருளுக்குள் ஊர்ந்து ஊர்ந்து வளர்ந்தது அந்த நரம்பு. ஓராண்டு கடந்தபின் ஒருநாள், ஆழ்ந்து மூச்சிழுத்தார். ஆகா, அசைந்தது கை! மூச்சுக்கென்று பிறந்த நரம்பல்லவா? மூச்சு வந்தால் கை வந்தது. மூச்சு நின்றால் கை தொங்கியது.

கடைக்கு ஓடினார். புடவையை எடுக்க மூச்சிழுத்தார். எதிரே யார்? நம் நாகம்மா அக்கா! முகத்தை மூடாதீர்கள் அக்கா, ஊரே அறியும்!

"வெலையில ரெண்டு வெள்ளி கொறைச்சுக் கேட்டதுக்கா இம்மாம்பெரிய பெருமூச்சு? எதிர்க்கடைக்குப் போறேன் போ!"

"ஐயோ அக்கா, மூச்சிழுத்தாத்தான் கை வரும்!"

"அப்ப இன்னும் ரெண்டு வெள்ளி கொறைச்சுக்கிட்டு, நல்லா இழு!"

சிரிப்போம். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. "வாயால பேசாம துணி விக்க முடியுமா மூர்த்தி? பேசிக்கிட்டே கை தூக்கு, வேலை உன்னுது." பேசினால் மூச்சு வெளியேறும்; கை விழும். என் செய்வார்? சீதாவோடு வாயாடிக்கொண்டே மடக்கினார், மடக்கினார், மாதக்கணக்கில் மடக்கினார். மூச்சின் நரம்புக்கு மனத்தின் ஆணையைக் கற்பித்தார்! மண்ணில் இதனினும் பெரிய வியப்பு வேறுண்டோ?

என்ன, பின்வரிசையில் ஐயமா? "கண்ணால பாத்தாத்தான் நம்புவோம்" என்கிறீர்களா? நியாயம்! கணேசமூர்த்தி, எழுந்து நில்லுங்கள். ஜெயபாலன் ஐயா, நன்றாகப் பாருங்கள்.

"முதலாளி, தாய்மாருங்க, எல்லாருக்கும்..." பேசுகிறார்! மூச்சு வெளியே போகிறது; கை மேலே வருகிறது! இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே குவிந்துவிட்டன! "...வணக்கம்!"

ஜெயபாலன் ஐயா எழுகிறார். என்ன சொன்னீர்கள், ஐயா? அவை கேட்கச் சொல்லுங்கள்.

"நாளைக்குக் காலையில கடையைத் திறக்க வந்துரு, மூர்த்தி!"

இதற்குமேல் என் பேச்சுக்கு இங்கே இடமில்லை. பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கு என் நன்றி. அவர் கூப்பிய கையையே உங்களுக்கு என் வணக்கமாகவும் ஏற்றருளுங்கள்!