எட்டு கோரும் சும்மா இருக்கு

…இந்தக் கம்ப்யூட்டர எட்டு கோர்னு, உள்ள எட்டு மூளைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க, கமருன்னிஸா மேடம்? எண்ணிப் பாத்தா எட்டுதான், இல்லேங்கல. எட்டும் சும்மா உக்காந்திருக்கறதுக்கு எதுக்கு எட்டு? இருங்க, அவர அப்புறம் பாருங்க, அவரு மவுஸ் வாங்கத்தானே வந்திருக்காரு. எனக்கு இன்னைக்கு மூணு மணிக்கு இங்க தஞ்சாவூர்லயே சென்னை ஆளுங்க வர்றாங்க, நான் எழுதுன கேமப் பாக்க. புடிச்சா வெளியிடுவாங்க. புடிக்கலேன்னா திருக்காட்டுப்பள்ளிய விட்டுட்டு மறுபடி பெங்களூருக்குப் போயி, எவனோ ஒருத்தனோட பஸ் கேமுக்கு டயர் சுத்த விட்டுக்கிட்டுக் கெடக்கணும்.

ஹேங் ஆவுதுன்னு சொல்லாதீங்க. ஹேங் வேற, இது வேற. அதுன்னா மிஷின் கொதிக்கும், ஃபேன் கத்தும். இது ஜில்லுன்னு இருக்கு, தொட்டுப் பாருங்க. ஒரு கோர் செத்துப் போச்சு, மத்த ஏழும் துக்கம் விசாரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதான் விஷயம். ஸ்க்ரூவக் கழட்டுங்க நீங்க… அந்த மூடியையும்தான்.

கேமா? நடவு கேமுங்க. எட்டுப் பொம்பளைங்க நாத்து நடுறாங்க. மத்தவன்னா எட்டு பேரு வேலையையும் ஒரே கோர் தலையில கட்டிருவான். அது ஒருத்திக்கு ஒரு நாத்த நட்டுக் குடுத்துட்டு அடுத்தவகிட்ட ஓடும். நான் ஆளுக்கு ஒரு த்ரெட், கோருக்கு ஒருத்தின்னு எழுதினேன். எட்டு பேரு வேலையும் தனித்தனியா, ஒரே நேரத்துல ஓடும். ஆனா இஷ்டத்துக்கு விட்டா ஒருத்தி மூணாவது வயல்ல இருப்பா, ஒருத்தி மொத வயல்லயே நிப்பா. நம்ம பக்கம் அப்படியா நடுறாங்க? எட்டு பேரும் வரப்பேறினாத்தான் அடுத்த வயல்ல கால் வப்பாங்க. அதையும் எழுதினேன்ல? எண்ணிப் பாரு, எட்டு பேரும் வந்தாச்சா, அப்புறம் எறங்கு. பெங்களூர்ல எந்தப் பயலுக்கு இது தெரியும், சொல்லுங்க.

நேத்து சாயங்காலம் வரைக்கும் ஜோரா ஓடுச்சு. என்ன மாத்துனேனா… ஒண்ணும் மாத்தலயே. அதாவது, எங்க அக்கா தர்மாம்பாள் நெஜத்துலயே நடவுக்குப் போறவ. எட்டு பேர்ல அவளையும் ஒருத்தியா வச்சிருந்தேன், பாசத்துலதான். அதப் பாத்துட்டு, “ஏன்டா, என்னைய மட்டும் கடைசியாக் கரையேற வச்சிருக்க? ஊர்ல எவ பாத்தாலும் சிரிக்க மாட்டாளா?”ன்னு ஒரே சத்தம். எனக்கும் ரோசம் வந்துருச்சு. “நீ இல்லாட்டி நடவு நின்னுருமா?”ன்னு கேட்டுட்டு அவ கண்ணு முன்னாடியே அவள எடுத்துட்டேன். அவ்வளவுதாங்க. ஒரு ஆளத்தான் எடுத்தேன், வேற எதுலயும் கை வைக்…

ம்.

ஏழு பேரு வரப்புல நிக்கறாங்க. எட்டாவது ஆளு வரட்டும்னு.

மேடம்… அந்த மூடிய மாட்டிருங்க.

எட்ட ஏழுன்னு மாத்தலாம், மாத்தலாம். ஆனா வயலே எட்டு வரிசைக்குப் போட்டது. நடுவுல ஒரு பட்டை வெறும் சேறாக் கெடந்தா சென்னைக்காரன் என்ன நெனப்பான்? அக்காவத்தான் சேக்கணும். மொத ஆளாவே கரையேறட்டும், வேகத்தக் கூட்டி வைக்கிறேன். ஆனா அவளக் கேக்காம சேத்தா, அப்புறம் என் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.

மணி என்ன, ஒண்ணரையா? உங்க ஃபோனக் கொஞ்சம் குடுங்க… இல்ல, வேணாம், நீங்களே பேசிருங்க. என் குரலக் கேட்டா வச்சிருவா.