யாருக்கும் தோணும்

ஹலோ... அக்கா, நான்தான்... தெரியும், பேசப் பிடிக்காதுன்னு தெரியும். ஒரு நிமிஷம்... ஆமா, பேட்டன்ட் விசாரணை முடிஞ்சதும் வாசல்ல உன்னைத் தேடினேன். அதுக்குள்ள கார் கிளம்பிடுச்சு...

ஆமா. ஆமா. நான்தான் சொன்னேன்.

ஐயோ, இல்லக்கா! உன் பேட்டன்ட்டை எதிர்க்கிற கம்பெனிக்காரங்க யாரும் காசோட என்கிட்ட வரலை. சத்தியமா... கேளேன். அவங்க வக்கீல் எப்படிக் கேட்டார் பாத்தியா? "சீப்புப் பல் வச்ச முறம் முன்னாடியே இருக்கு. கைப்பிடியைத் திருகினா சுத்துற துடைப்பமும் இருக்கு. ரெண்டையும் சேத்தா சிக்கின முடி தானா வந்துடும்னு உங்களை மாதிரி பெரிய இன்ஜினியருக்குத் தோணாமலா போகும்?"னு. அத்தனை பேர் முன்னாடி... தோணாதுன்னா மக்குன்னு நினைப்பாங்களேன்னு... "இதென்ன சார், யாருக்கும் தோணும்"னுட்டேன்.

...ம். அந்த ஒரு வார்த்தைதான் அவங்களுக்கு வேணும். யாருக்கும் தோணுறதுன்னா உன் பேட்டன்ட் நிக்காது... நீ கூட்டிட்டுப் போன சாட்சி நான். தவளை தன் வாயால கெடும்பாங்க. என் வாயால நீ கெட்டே.

அத்தான் என்ன சொல்றார்?... வீட்டுப் பக்கமே வரவேணாம்னாரா?... சரி. நியாயம்தான்.

என்னது?... திரும்பச் சொல்லு.

...

ஆமா. உன் பார்லர்ல லீவு நாள்ல நான்தான் கூட்டுவேன். துடைப்பத்துல சுத்தின முடியைக் கத்தரியால வெட்டி வெட்டி... ஆமா, விரலைக்கூட வெட்டிக்கிட்டேன். திட்டிக்கிட்டேதான் எடுப்பேன்...

எனக்கு என்னிக்காவது தோணுச்சான்னா கேக்குறே?... இல்லை.

தோணலைக்கா. ஒரு நாளும் தோணலை. நீ முதல்ல ரெண்டையும் சேத்துச் செஞ்சு காட்டினப்பவே, "இது வேலைக்காகாது, பல்லு ஒடிஞ்சிரும்"னுதானே சொன்னேன்...

அழாதே. அக்கா... அழாதேன்னா. விசாரணை நாளைக்கும் இருக்குல்ல? நம்ம வக்கீலம்மாகிட்டச் சொல்லி என்னை மறுபடி கூண்டுல ஏத்து. "துடைப்பமும் உங்க கையில, முறமும் உங்க கையில. உங்களுக்குத் தோணுச்சா?"ன்னு கேக்கச் சொல்லு. அவ்வளவுதான்...

சிரிக்கட்டும்... நேத்து அப்படி, இன்னிக்கு இப்படியான்னு அந்த வக்கீல் கிழிப்பார். கிழிக்கட்டும்... ஆமா, ஆமா, எல்லார் முன்னாடியும்தான்.

...இல்லக்கா. மன்னிச்சேன்னு இப்ப சொல்லாதே. எனக்குத் தாங்காது. வக்கீலம்மா ஆபீஸை விட்டுக் கிளம்புறதுக்குள்ள பிடி.

போ. நான் வைக்கிறேன்.