கடல் வெளுத்த சட்டை

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில், காலி மீன்கூடைகளோடு எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னார்: "வெளுக்கணும்னே எங்க வூட்டுக்காரருக்கு ஒரு புதுச் சட்டை குடுத்தான், எங்க அண்ணன் மவன்."

"வெளுக்கவா? எதுக்குக்கா?"

"அந்தக் காலத்துல வெளிநாட்டுல வேலைக்குப் போட்ட ஜீன்ஸ் சட்டைங்களத் தேடித் தேடிச் சேக்குறான். அதுல ஒண்ண வச்சு அதே மாதிரி புதுசு தைச்சான். 'ஒரு வருஷம் கடலுக்குப் போட்டுக்கிட்டுப் போங்க மாமா, வெயிலும் உப்பும் பட்டாத்தான் நெசமான பழசு மாதிரி ஆவும்'னான். நேத்து திருப்பி வாங்க வந்தான்."

"குடுத்துட்டீங்களா?"

"காலர் கிழிஞ்சிருந்ததப் பாத்துட்டு, 'அத்த, இந்தக் கிழிசல்தான் அழகே'ன்னான். போன மாசம் இவரு படகுலேருந்து தவறி விழுந்தப்ப, அந்தக் காலரப் புடிச்சுத்தான் மேல தூக்குனாங்கன்னு சொன்னேன். புள்ள அப்படியே உக்காந்துட்டான்."

இளையவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம்?"

"'நீங்களே வச்சுக்கங்க மாமா'ன்னுட்டான். கிழிசல மட்டும் தைச்சிடாதீங்கன்னு கெஞ்சுனான். அவன் போனதும் ரெட்டை நூல் போட்டுத் தைச்சுட்டேன். மறுபடி விழுந்தா புடிக்கக் காலர் வேணாமா?"