ஏழாம் குழாயில் முளைத்த பளிங்கு

தங்கை: ...கையை எடுண்ணே! மூச்சு விடாதே, பறந்துடும்.

அண்ணன்: கடல் சேறு எங்கம்மா பறக்கும்?

தங்கை: சேறா? மைக்ராஸ்கோப்புல பாரு. ஊசி ஊசியா... பளபளன்னு!

அண்ணன்: ம்... உப்பு மாதிரி இருக்கு.

தங்கை: ஜிப்சம்! மூணு கிலோமீட்டர் ஆழக் கடலடியில குழாய் இறக்கி எடுத்த சேறு இது. உள்ள காத்தே கிடையாது. கிருமிங்க கந்தகத்தைத் தின்னுட்டு அழுகின முட்டை நாத்தமடிக்கிற வாயுவை விடும். அது இரும்போட சேர்ந்து கறுப்பு மணியாகும். மத்த ஆறு குழாயிலயும் அதான்.

அண்ணன்: இதுல?

தங்கை: மணியைக் காணோம், பளிங்கு! ஒவ்வொரு இடத்துச் சேத்துக்கும் ஒரு குணம்ணே. இது யாருமே பார்க்காத குணம். பதினோரு மணிக்குப் பெரிய பெரிய ஆளுங்க வர்ற கூட்டத்துல போட்டு உடைக்கப் போறேன்.

அண்ணன்: இன்னிக்கேவா?

தங்கை: பின்ன? ஆறு வருஷமா இந்தச் சேத்தைக் கட்டிட்டு அழறேன்.

அண்ணன்: ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கக் கூடாதா?

தங்கை: இந்தக் குழாய்ங்களை வெச்சிருக்கிற குளிர் அறைச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டுப் பழமொழி வேற!

அண்ணன்: அது இல்லடி...

தங்கை: எது இல்ல?

அண்ணன்: சும்மா கேக்குறேன்... அந்தக் கறுப்பு மணி மேல காத்து பட்டா என்னாகும்?

தங்கை: துருப்பிடிக்கும். புளிச்ச தண்ணி கசியும். அது சேத்துல இருக்கிற கிளிஞ்சல் சுண்ணாம்போட சேர்ந்து...

அண்ணன்: சேர்ந்து?

தங்கை: ...ஜிப்சம் ஆகும். ஏன் கேக்குறே?

அண்ணன்: குளிர் அறையில அடுக்கு மாத்தினப்ப... ஏழாம் குழாயோட காத்துப் புகாத உறை கிழிஞ்சிடுச்சு.

தங்கை: உடனே வேற சுத்தியிருப்பேல்ல?

அண்ணன்: உறை தீந்துபோச்சு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டேன்... நாலு மாசம் மறந்தே போயிட்டேன். போன வாரம்தான் சுத்தினேன்.

தங்கை: அண்ணே!

அண்ணன்: திட்டு. நீ பளிங்கு பளிங்குன்னு குதிச்சப்ப சொல்ல மனசு வரல... என் வேலை போனா போகட்டும். நாலு பேர் முன்னாடி நீ தலைகுனியக் கூடாது.

தங்கை: அப்பாடா, சொல்லிட்டே! குழாயை நெடுக்கா அறுத்து மறுபாதியைத் தனியா மூடி வெச்சிருக்கோமே, அதைக் காலையிலயே திறந்து பார்த்துட்டேன். முழுக்கக் கறுப்பு மணி, ஒரு பளிங்குகூட இல்ல. இந்தப் பாதியில காத்து புகுந்திருக்குன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. கூட்டத்தையும் தள்ளி வெக்கச் சொல்லியாச்சு. உன் வாயால வரட்டும்னுதான்ணே இவ்வளவு நேரம் குதிச்சேன்.